கொல்லிமலை மேப்பும் ஏ.பி.ஐ.யும்: வெளி புரோகிராம்கள் டேட்டா எழுதுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, மேப்பில் தங்கள் ஊரைத் தேடுவது. நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையைத் தேடிப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலை, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று பலவும் கிடைக்கும். ஆனால் மலை மேல் சிதறிக் கிடக்கும் சிறு ஊர்களில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கலாம். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பாதை இல்லாமல் இருக்கலாம்.

அப்போது என்ன செய்வது? ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற உலக வரைபடத்தில் அந்தப் பாதையை நீங்களே சேர்க்கலாம். இதற்கு அந்த இணைய தளத்திற்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. யாரோ எழுதிய ஒரு புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் அமைத்து, அதில் பாதையை வரைந்து, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எங்கோ இருக்கும் சர்வரில் அது பதிவாகி, உலகம் முழுவதும் தெரியும்.

வெளியார் எழுதிய புரோகிராம் ஒன்று, தனக்குச் சொந்தமில்லாத டேட்டா பேஸில் எப்படி எழுதுகிறது? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாதா? இதனைத் தெரிந்து கொண்டால், நாளை வேறொரு புரோகிராம் உங்களிடம் "அனுமதி தருகிறீர்களா?" என்று கேட்கும்போது எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏ.பி.ஐ. என்றால் என்ன?

பேங்கில் பணம் கட்டப் போகிறீர்கள். பெட்டகம் இருக்கும் அறைக்குள் நீங்கள் நுழைவதில்லை. கவுன்டரில் செலான் வாங்கி, கணக்கு எண், தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் அதற்குரிய கட்டத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஒரு கட்டம் விடுபட்டால் செலான் திரும்பி வரும். எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை குத்திய அடிக்கட்டை கையில் கிடைக்கும்.

ஏ.பி.ஐ. என்பது இந்தக் கவுன்டர்தான். ஆனால் இங்கே வரிசையில் நிற்பது மனிதர்கள் அல்ல, புரோகிராம்கள். "இந்த முகவரிக்கு, இந்த வடிவத்தில் கேட்டால், இந்த வடிவத்தில் பதில் தருவேன்" என்று ஒரு சர்வர் வெளியிடும் விதிமுறைகளின் தொகுப்பே ஏ.பி.ஐ. அந்தக் கேள்வியும் பதிலும் இணைய தளங்களுக்குப் பயன்படும் அதே எச்.டி.டி.பி. வழியில் போய் வந்தால், அது வெப் ஏ.பி.ஐ.

விதிமுறை வெளிப்படையாக இருப்பதால், யார் வேண்டுமானாலும் அதற்கேற்ப புரோகிராம் எழுதலாம். சர்வரின் உரிமையாளருக்கு அந்தப் புரோகிராமரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படி வெளியில் இருந்து வரும் புரோகிராமை கிளையன்ட் என்று அழைக்கிறோம்.

படிப்பது வேறு, எழுதுவது வேறு

பல ஏ.பி.ஐ.க்கள் படிப்பதற்கு மட்டும் அனுமதி தருபவை. வானிலை, ரயில் நேரம், கிரிக்கெட் ஸ்கோர் ஆகியவற்றைக் காட்டும் புரோகிராம்கள் இந்த வகை. ஒரு கிளையன்ட் தவறாகப் படித்தால், அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துபவருக்கு மட்டும்தான் பாதிப்பு.

எழுத அனுமதித்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் தவறாக எழுதியதை எல்லாரும் படிப்பார்கள். எனவே எழுத வழி திறக்கும் எந்த ஏ.பி.ஐ.யும் நான்கு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எழுதுவது யார்? அவர் எதை எழுதலாம்? ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் என்ன செய்வது? தவறாக எழுதியதைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது எப்படி?

இந்த நான்கையும் தெளிவாகக் காட்டும் நல்ல உதாரணம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது இது. விக்கிப்பீடியா போல, பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் வரைபடம். இதன் டேட்டாவை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். இன்று பயன்பாட்டில் இருக்கும் ஏ.பி.ஐ.யின் பதிப்பு எண் 0.6. இது 2009 ஏப்ரலில் செயல்பாட்டுக்கு வந்தது.

இதில் எழுதும் கிளையன்ட்கள் பல. கம்ப்யூட்டரில் இயங்கும் ஜே.ஓ.எஸ்.எம்., ஆண்ட்ராய்ட் போனில் இயங்கும் வெஸ்பூச்சி, சிறு சிறு கேள்விகள் கேட்டுப் பதிலைப் பதிவு செய்திடும் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் ஆகியவை முக்கியமானவை. அந்த இணைய தளத்திலேயே பிரவுசரில் திறக்கும் ஐடி என்ற எடிட்டரும் இருக்கிறது. 2013ல் வந்த இந்த எடிட்டருக்கும் தனிச் சலுகை எதுவும் இல்லை. வெளி புரோகிராம்கள் வரும் அதே ஏ.பி.ஐ. வழியாகத்தான் இதுவும் டேட்டாவை எழுதுகிறது.

மேப்பில் என்ன எழுதுகிறோம்?

திரையில் படமாகத் தெரிந்தாலும், சர்வரில் இருப்பது படம் அல்ல, எண்களும் சொற்களும்தான். மூன்றே வகைப் பொருட்கள் உள்ளன. முதலாவது புள்ளி. இதில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். இரண்டாவது வழி. புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் வழி. மூன்றாவது தொகுதி. பல பொருட்களை ஒன்றாகக் கட்டி வைப்பது.

கொல்லிமலைச் சாலையை எடுத்துக் கொள்வோம். நேர்ச்சாலை என்றால் இரண்டு புள்ளிகள் போதும். ஒரு கொண்டை ஊசி வளைவு வளைவாகத் தெரிய வேண்டும் என்றால் நெருக்கமாகப் பல புள்ளிகள் வைக்க வேண்டும். அப்படி 70 வளைவுகள். ஒரு வழியில் 2,000 புள்ளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஏ.பி.ஐ. வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் சாலையை இரண்டு வழிகளாகப் பிரித்து எழுத வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்புகள் சேர்க்கலாம். இது சாலையா, நடைபாதையா, அருவியா, கடையா? பெயர் என்ன? தமிழ்ப் பெயர் என்ன? தார் போட்டதா, மண் பாதையா? இவை அனைத்தும் "தலைப்பு = விவரம்" என்ற வடிவில் இருக்கும்.

எழுதும் முறை, படிப்படியாக

ஜே.ஓ.எஸ்.எம். புரோகிராமில் நீங்கள் ஒரு பாதையைச் சேர்ப்பதாக வைத்துக் கொள்வோம். திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

1. முதலில் செம்மேட்டைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அந்தப் பகுதியின் டேட்டாவை டவுன்லோட் செய்திடுகிறீர்கள். இது படிக்கும் வேலை என்பதால் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரே முறையில் 50,000 புள்ளிகளுக்கு மேல் கேட்டால் சர்வர் மறுத்துவிடும்.

2. உங்கள் கம்ப்யூட்டரில் பாதையை வரைகிறீர்கள். இந்த நேரத்தில் சர்வருக்கு எதுவும் தெரியாது. புதிய புள்ளிகளுக்கு இன்னும் எண் கிடைக்காததால், புரோகிராம் தற்காலிகமாக மைனஸ் 1, மைனஸ் 2 என்று எண் கொடுத்து வைத்துக் கொள்ளும்.

3. அப்லோட் பட்டனை அழுத்தியதும், புரோகிராம் முதலில் ஒரு "மாற்றக் கட்டு" திறக்கும்படி சர்வரைக் கேட்கும். அதில், என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியும், எந்தப் புரோகிராம் அனுப்புகிறது என்ற பெயரும் இருக்கும். சர்வர் அந்தக் கட்டுக்கு ஓர் எண் தரும்.

4. அடுத்து உங்கள் மாற்றங்கள் அனைத்தும் ஒரே பைலாகச் செல்லும். புதிதாகச் சேர்த்தவை, திருத்தியவை, நீக்கியவை என்று அதில் தனித்தனிப் பகுதிகள். எல்லாம் சரியாக இருந்தால் முழுவதும் பதிவாகும். ஒன்றில் பிழை இருந்தாலும் முழுவதும் திரும்பி வரும். பாதி எழுதி, பாதி விடுபட்ட நிலை ஏற்படாது.

5. சர்வர், மைனஸ் எண்களுக்குப் பதிலாக உண்மையான எண்களைத் தருகிறது. பேங்க் அடிக்கட்டை என்று சொன்னோமே, அது இதுதான்.

6. கடைசியாகக் கட்டு மூடப்படுகிறது. மூட மறந்தாலும், ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை என்றால் தானாகவே மூடிக் கொள்ளும்.

பாஸ்வேர்ட் வேண்டாம், அனுமதிச் சீட்டு போதும்

மூன்றாவது படியில் சர்வர் "நீ யார்?" என்று கேட்கும். இதற்கு முன்பெல்லாம் இருந்த முறை எளிமையானது, ஆனால் ஆபத்தானது. உங்கள் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அந்த வெளி புரோகிராமிலேயே டைப் செய்திட வேண்டும். அது ஒவ்வொரு முறையும் அவற்றை சர்வருக்கு அனுப்பும்.

இதில் என்ன சிக்கல்? தினமும் காலையில் பால் பாக்கெட் போடுபவரிடம் நாம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. கேட்டில் ஒரு பையைத் தொங்க விடுகிறோம். அவருக்கு அந்தப் பை வரைக்கும்தான் வேலை. பாஸ்வேர்டை வெளி புரோகிராமிடம் கொடுப்பது, பால்காரரிடம் சாவியைக் கொடுப்பது போன்றது. புரோகிராம் நல்லதாகவே இருந்தாலும், அதன் பைல்களை வேறு யாராவது திருடினால் உங்கள் கணக்கு முழுவதும் போய்விடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஓ-ஆத் என்ற முறை. ஜே.ஓ.எஸ்.எம். உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்காது. உங்கள் பிரவுசரில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் பக்கத்தைத் திறந்து விடும். அங்கே, உங்கள் கணக்கு இருக்கும் இடத்திலேயே, நீங்கள் லாக் இன் செய்திடுகிறீர்கள். உடனே ஒரு பட்டியல் வருகிறது: "இந்தப் புரோகிராம் மேப்பைத் திருத்த அனுமதி கேட்கிறது, உங்கள் விருப்பங்களைப் படிக்க அனுமதி கேட்கிறது". நீங்கள் சம்மதித்தால், புரோகிராமுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. நீண்ட எழுத்துக்களும் எண்களும் கலந்த ஒரு சரம் அது. டோக்கன் என்று சொல்வார்கள்.

இந்தச் சீட்டை வைத்துக் கொண்டு, நீங்கள் அனுமதித்ததை மட்டும்தான் அந்தப் புரோகிராம் செய்ய முடியும். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வேண்டாம் என்று தோன்றினால், பாஸ்வேர்டை மாற்றாமலே அந்த ஒரு சீட்டை மட்டும் ரத்து செய்திடலாம். மற்ற புரோகிராம்கள் வழக்கம் போல வேலை செய்யும்.

பெரிய இணைய தளங்கள் எல்லாம் இந்தப் பாதைக்குத்தான் வந்திருக்கின்றன. ட்விட்டர், வெளி புரோகிராம்கள் பாஸ்வேர்டைக் கொண்டு நுழைவதை 2010 ஆகஸ்ட்டில் நிறுத்தியது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2024ல் பழைய வழிகளை மூடிவிட்டு, ஓ-ஆத் 2.0 முறையை மட்டும் வைத்துக் கொண்டது. பேஸ்புக் இன்னும் ஒரு படி மேலே போனது. உங்கள் பெயரில் உங்கள் பக்கத்தில் வெளி புரோகிராம்கள் தாமாகவே பதிவு போடும் அனுமதியையே 2018 ஆகஸ்ட்டில் நீக்கிவிட்டது.

இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால்?

ராசிபுரத்தில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். இருவருக்கும் கொல்லிமலை சொந்த ஊர். ஒரே சாலையை இருவரும் காலையில் டவுன்லோட் செய்திடுகிறார்கள். ராசிபுரத்துக்காரர் சாலையின் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டார். சிங்கப்பூர்க்காரர் மாலையில், அது தார் சாலை என்று குறித்து அனுப்புகிறார். அவரிடம் இருப்பதோ பெயர் இல்லாத பழைய நகல். சர்வர் அதனை அப்படியே ஏற்றுக் கொண்டால், காலையில் சேர்த்த பெயர் அழிந்து போகும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இதனைத் தடுக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் வைத்திருக்கிறார்கள். இருவரும் டவுன்லோட் செய்தபோது சாலையின் பதிப்பு 4. ராசிபுரத்துக்காரர் திருத்தியதும் அது 5 ஆகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வரும் திருத்தம் "நான் 4வது பதிப்பைத் திருத்தினேன்" என்று சொல்கிறது. சர்வர் ஒப்பிட்டுப் பார்த்து, 409 என்ற எண்ணுடன் திருப்பி அனுப்பிவிடும். இந்த எண்ணுக்கு "மோதல்" என்று பொருள். புரோகிராம் புதிய பதிப்பை எடுத்து, இரண்டையும் காட்டி, "எதை வைத்துக் கொள்ளலாம்?" என்று கேட்கும்.

இதே போல, ஒரு சாலையில் கோத்திருக்கும் புள்ளியை நீக்கச் சொன்னால், 412 என்ற எண்ணுடன் மறுப்பு வரும். சாலையை அந்தரத்தில் விட சர்வர் சம்மதிக்காது.

சர்வர் பார்க்காத ஒன்று

இவ்வளவு சோதனைகள் இருந்தும், ஒன்றை மட்டும் சர்வரால் சரி பார்க்க முடியாது. நீங்கள் எழுதியது உண்மையா என்பதுதான் அது. அனுமதிச் சீட்டு சரி, பதிப்பு எண் சரி, வடிவம் சரி என்றால் பதிவாகிவிடும்.

கொல்லிமலையில் இது விளையாட்டல்ல. படிக்கட்டும் பாறையுமாக இறங்கும் ஒரு நடைபாதையை, "வண்டி போகும் சாலை" என்று ஒருவர் குறித்துவிட்டால், வழி காட்டும் புரோகிராம்கள் அதனை நம்பும். இரவில் புதிதாக வரும் ஒருவரின் காரை அந்த வழியில் திருப்பி விடும். அவசரமாக வரும் ஆம்புலன்ஸ் என்றால் இன்னும் மோசம்.

தவறு பரவுவதும் வேகம். 2018 ஆகஸ்ட்டில் ஒருவர், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நியூயார்க் நகரின் பெயரை யூதர்களை இழிவு செய்யும் சொல்லாக மாற்றினார். தன்னார்வலர்கள் அதனை விரைவில் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்த டேட்டாவை மேப்பாக்ஸ் நிறுவனம் நகல் எடுத்திருந்தது. பின்னர் ஸ்நாப்சாட் போன்ற புரோகிராம்களில் அந்தப் பெயர் தெரிந்து பெரிய செய்தியானது. மூலத்தில் திருத்தினாலும் நகலில் தவறு தங்கிவிடும் என்பதற்கு இது சாட்சி.

2017 டிசம்பரில் போக்கிமான் கோ விளையாட்டு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. தங்கள் வீட்டருகே விளையாட்டு உயிரினங்கள் வர வேண்டும் என்பதற்காகச் சிலர் இல்லாத பூங்காக்களை மேப்பில் சேர்த்தார்கள்.

இங்கேதான் நான்காவது கேள்விக்கான பதில் வருகிறது. இந்த ஏ.பி.ஐ.யில் எதுவும் முழுமையாக அழிவதில்லை. ஒவ்வொரு பொருளின் எல்லாப் பதிப்புகளும், யார், எப்போது, எந்தக் கட்டில் மாற்றினார் என்ற விவரத்துடன் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு கட்டு முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியும். ஒரு கட்டில் 10,000 மாற்றங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் இதற்கு உதவுகிறது.

அப்படியென்றால் ஏன் திறந்து விட வேண்டும்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று எந்த அலுவலகத்தாலும் உடனுக்குடன் சொல்ல முடியவில்லை. அப்போது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் டேட்டாவின் மீது தன்னார்வலர்கள் ஒரு வெள்ள மேப் அமைத்தார்கள். தெருவைக் கிளிக் செய்தால் "இங்கே வெள்ளம்" என்று பதிவாகும். அங்கங்கே இருந்த மக்கள் குறித்துக் குறித்து, சில நாட்களிலேயே ஏராளமான தெருக்களின் நிலைமை தெரிந்தது. மக்கள் எழுத வழி இருந்ததால்தான் இது முடிந்தது.

கொல்லிமலைக்கும் இது பொருந்தும். அங்குள்ள சந்தையைத் தேடினால் ஆங்கிலத்தில் "சோலக்காடு" என்று படிக்கும்படிதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் ல, ள வித்தியாசம் இல்லை. அதை ஒரு புரோகிராம் திரும்பத் தமிழாக்கினால், சோளக்காடு சோலைக்காடு போல ஆகிவிடும். சோளம் விளைந்த காடு, மரங்கள் அடர்ந்த சோலையாக மாறிவிடும்! மேப்பில் தமிழ்ப் பெயருக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. அதில் சரியான எழுத்தில் எழுத வேண்டியவர், தமிழ் தெரிந்த நீங்கள்தான். தொலைவில் இருக்கும் எந்தக் கம்பெனிக்கும் அந்த "ள" தெரியாது.

நீங்கள் செய்து பார்க்க

* ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். முதலில் ஐடி எடிட்டரில் உள்ள பயிற்சியை முடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

* நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மற்ற மேப்களைப் பார்த்துக் காப்பி எடுக்கக் கூடாது; அவற்றுக்குக் காப்புரிமை உண்டு.

* முதல் திருத்தம் சிறியதாக இருக்கட்டும். விடுபட்ட தமிழ்ப் பெயர், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம் போதும்.

* மாற்றக் கட்டில் எழுதும் ஒரு வரியைக் காலியாக விடாதீர்கள். பின்னால் சரி பார்ப்பவருக்கு அதுதான் துணை.

* பாதை என்றால், கார் போகுமா, பைக் போகுமா, நடந்துதான் போக வேண்டுமா என்பதைச் சரியாகக் குறியுங்கள்.

வேறு எந்தப் புரோகிராமிலும் கவனிக்க

* ஓர் இணைய தளத்தின் பாஸ்வேர்டை, வேறொரு புரோகிராமின் கட்டத்தில் டைப் செய்யாதீர்கள். பிரவுசரில் திறக்கும் பக்கத்தின் முகவரி, உங்கள் கணக்கு இருக்கும் தளத்தினுடையதுதானா என்று பாருங்கள்.

* அனுமதிப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். "படிக்க" என்று இருக்கிறதா, "எழுத", "திருத்த", "நீக்க" என்று இருக்கிறதா? போட்டோ பிரிண்ட் எடுக்கும் புரோகிராமுக்கு உங்கள் மெயில்களை நீக்கும் அனுமதி எதற்கு?

* ஆறு மாதத்திற்கு ஒரு முறை, உங்கள் கணக்கின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, அனுமதி பெற்ற புரோகிராம்களின் பட்டியலைப் பாருங்கள். பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.

ஏ.பி.ஐ. நீங்கள் யார் என்று சரி பார்க்கும். எழுதிய முறையைச் சரி பார்க்கும். எழுதியது உண்மையா என்று பார்க்கும் பொறுப்பை மட்டும் உங்களிடம் விட்டுவிடுகிறது. அடுத்த முறை மலை ஏறும்போது, எந்தப் பாதையில் வண்டி போகிறது, எந்த ஊருக்கு என்ன பெயர் என்று குறித்துக் கொண்டு வாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலைதான்.